பட்டியலில் வெட்டிய பெயர்

2005 தை (ஜனவரி) 25, செவ்வாய்.
முள்ளியவளை.

சுனாமி வந்து இன்று முப்பத்தோராம் நாள். கடற்கரையில் எங்கள் கோயில் இடிந்துவிட்டதால், சனங்கள் தங்கியிருக்கிற பள்ளிக்கூட மண்டபத்தில்தான் பூசை வைத்தேன். முடிவில் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். வந்தவர்கள் அழுதழுது சொல்ல, ஒரு மாதமாக நானே எழுதிச் சேர்த்த பட்டியல் அது.

"மரியதாஸ்" என்று வாசித்ததும் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஃபாதர், நான் சாகேல்லை. இஞ்சை நிக்கிறன்."

ஊன்றுகோலோடு வாசலில் நின்றார். கால் முறிந்து இவ்வளவு நாளும் வவுனியா ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். பஸ் பிந்தியதால் பூசை முடிகிற நேரம்தான் வந்து சேர்ந்திருக்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உயிரோடு இருக்கிற மனிதனின் ஆன்மாவுக்கு நித்திய இளைப்பாற்றி கேட்ட குருவானவர் நான்! முன்னால் இருந்த ஒரு பெண் சிரித்துவிட்டாள். பிறகு மண்டபமே சிரித்தது. கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இந்தச் சனம் சிரித்து நான் கேட்டது இன்றுதான்.

சிரிப்பு அடங்கியதும் மரியதாஸ் சொன்னார்: "இனி வாசியுங்கோ ஃபாதர். அடுத்தது என்ர மனிசி."

அவருடைய மனைவி றீற்றாவின் பெயரை வாசித்தேன். செபத்தில் அவருடைய குரல்தான் எல்லாருக்கும் மேலாகக் கேட்டது.

சற்று முன் பட்டியலை எடுத்து மரியதாஸின் பெயரை வெட்டினேன். இதில் இதுவரை எழுதினேனே தவிர, ஒன்றையும் வெட்டியதில்லை. றீற்றாவின் பெயர் கீழே அப்படியே இருக்கிறது.

ஆண்டவரே, இந்த ஒன்றுக்காவது நன்றி.