தலைகீழாகத் திருப்பிய புத்தகம்

ஈரேழு பதினாலு லோகத்திலும் இணையில்லாத டீச்சரம்மா அவர்களுக்கு,

பள்ளிக்கு எதிரே தையல் கடை வைத்து ஆளும் பேரரசனும், நீங்கள் கைதூக்கிவிட்ட புது டீச்சரின் தாய்மாமனுமாகிய நான் வணக்கத்துடன் எழுதுவது. மாற்றலாகிப் போன ஊரில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. மூன்று வகுப்புக்கு ஒரே கரும்பலகை உள்ள அந்தப் பள்ளியில், என் அக்கா மகளிடம் படிக்கும் பிள்ளைகள் ஒரே குரலில் பாடம் வாசித்தால் என் தையல் மிஷினே தாளம் போடும். எங்கள் தெருவில் இனி எழுத்தறியாத காக்கைகூடக் கிடையாது என்று ஊரெல்லாம் முழங்கினேன். நீங்கள் வந்து ஒரு பிள்ளையின் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தீர்கள். பிள்ளை நிறுத்தாமல் வாசித்தது. அத்தனையும் மனப்பாடம்.

அன்று சாயங்காலம் அக்கா மகள் பெட்டி கட்டினாள். 'இந்த வேலைக்கு நான் லாயக்கில்ல மாமா, ஊருக்கே போறேன்' என்றாள். கடலே வற்றும்படி தத்துவம் பேசினேன். 'கொஞ்சம் தள்ளுங்க, பெட்டிய மூடணும்' என்றாள். என் தத்துவத்தின் விலை அவ்வளவுதான்.

மறுநாள் சொல்லிக்கொண்டு போகத்தான் பள்ளிக்கு வந்தாள். நீங்கள் திட்டவுமில்லை, தேற்றவுமில்லையாம். 'பாதிப் பிள்ளைங்க உனக்கு, பாதி எனக்கு. யாரு எந்த எழுத்துல நிக்கிறாங்கன்னு பார்ப்போம், வா' என்று வராந்தாவில் பாயை விரித்தீர்களாம். வீட்டுக்கு வந்தவள் பெட்டியைத் திறந்து துணிகளை அலமாரியில் அடுக்கினாள். அவள் துணி அடுக்கி நான் பார்த்தது சரித்திரத்திலேயே அன்றுதான்.

இப்போது அந்தக் கூட்டுக்குரல் இல்லை. நேற்று ஒரு சிறுமி என் கடைப் பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தாள். 'சக்கரவர்த்தி தையலகம்' என்று முடிப்பதற்குள் ஒரு யுகம் போயிற்று. முடித்துவிட்டு, 'சக்கரவர்த்தி வெளிய போயிருக்காரா?' என்று என்னிடமே கேட்டாள். பூரித்துப் போனேன்.

இந்த வாரம் நாலாம் வகுப்புக்குப் புதிதாக ஒரு வாத்தியார் வந்திருக்கிறார். இடைவேளையில் தண்ணீர்த் தொட்டியருகே தனியாக நின்று சாக்பீஸை ஒடித்துக்கொண்டிருந்தாராம். இவளுக்குப் போய்ப் பேச ஆசை. 'நானே நேத்து வந்தவ, நான் யாரு மாமா சொல்ல?' என்று தயங்குகிறாள்.

என் சொல் அம்பலம் ஏறாது. ஒரு போன் போட்டு, போய்ப் பேசச் சொல்லுங்கள். நான் எழுதியதாக மட்டும் காட்டிக்கொள்ள வேண்டாம். நீங்கள் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும், டீச்சரம்மா. இதில் மிகை இல்லை.

நன்றி மறவாத,
தையல்காரன்