ஆறாவது நாற்காலி

அக்கா,

இன்று பள்ளியில் நடந்ததையும் அதற்கு முன்னால் நடந்ததையும் ஒன்று விடாமல், உள்ளது உள்ளபடி எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கி எழுதினால் அது உனக்கு எழுதிய மடலாக இருக்காது.

என் முன்னால் ஒரு மஞ்சள் அட்டை இருக்கிறது. மேலே 'என் யோசனை' என்று அச்சிட்டிருக்கிறார்கள். கீழே இரண்டு கட்டங்கள்: 'இப்போது எப்படி', 'இனி எப்படி'. நீ வேலை பார்த்த கம்பெனியிலிருந்து வந்தவர்கள் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். உங்கள் பள்ளிக்கு ஒரு யோசனை எழுதுங்கள் என்றார்கள். பக்கத்தில் இருந்த கலைவாணி 'பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள். நான் அட்டையை முகர்ந்து பார்த்தேன். மண்ணெண்ணெய் மாதிரி ஒரு மை வாசனை. நீ கைப்பையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டிய அட்டையிலும் இதே வாசனைதான் அடித்தது.

அப்போது நான் பதினொன்றாம் வகுப்பு. வணிகவியல் டீச்சர் எங்களுக்கு ஒரு கட்டுரை கொடுத்திருந்தார். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெரிய நிறுவனத்தை எடுத்துக்கொண்டு, பாடத்தில் படித்த மேலாண்மைக் கோட்பாடுகளும் வணிக நெறிமுறைகளும் அங்கே எப்படிப் பொருந்துகின்றன என்று எழுத வேண்டும். மற்றவர்கள் தொலைக்காட்சி விளம்பரத்தில் வரும் நிறுவனங்களை எடுத்தார்கள். எனக்கு அடுத்த வீட்டிலேயே நீ இருந்தாய். எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரில் உன் கம்பெனி சார்ஜர் ஒன்று தொங்கும். அதைவிடப் பெரிய நிறுவனம் எதற்கு என்று நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் வீட்டுக்கு வந்தேன். நீ தலைக்குக் குளித்துவிட்டு மின்விசிறிக்கு அடியில் முடியை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாய்.

"இன்னாடி, போலீஸ்காரி மாதிரி நோட்டோட வந்துக்கினு கீற?"

"உங்க கம்பெனியப் பத்தி எழுதணும்கா. பணியாளர் கருத்த நிர்வாகம் கேக்குதா?"

"கேக்குதே. மாசத்துக்கு ஒரு கார்டு எழுதிக் குடுக்கணும். குடுக்கலன்னா சூப்பர்வைசர் மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு திரிவாரு." கைப்பையைத் துழாவி மஞ்சள் அட்டையை எடுத்தாய். "போன மாசம் தண்ணி குடிக்கற எடத்துல இன்னோரு டம்ளர் வைங்கன்னு எழுதனேன். அதுக்கு முந்தின மாசமும் அதத்தான் எழுதனேன். இன்னும் ஒரு டம்ளருதான் கீது."

நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்த அட்டை அவ்வளவு பிடித்திருந்தது. வேலை செய்கிறவரே வேலையைத் திருத்துவது என்று புத்தகத்தில் படித்தது கையில் தொடும்படி இருந்தது. உன் வேலையைச் செய்து காட்டச் சொன்னேன். நீ குளியலறையிலிருந்து சோப்பு டப்பாவையும் அடுப்படியிலிருந்து ஒரு தீப்பெட்டியையும் எடுத்து வந்தாய். சோப்பு டப்பாதான் சார்ஜரின் கூடு. தீப்பெட்டிதான் உள்ளே வைக்கும் பச்சைத் தகடு. ஒரு வரிசையில் ஆறு நாற்காலி. ஐந்தாவதில் நீ, ஆறாவதில் பழையசீவரத்திலிருந்து வரும் மேரி அக்கா. இடது கையால் கூட்டைப் பிடித்துக்கொண்டு வலது கையால் தகட்டை வைத்து அழுத்துவாய். 'டிக்' என்று சத்தம் கேட்டதும் பெல்ட்டில் விட்டுவிடுவாய். மேரி அக்கா அதை எடுத்து, அவரும் இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையால் மூடியைப் போட்டு அழுத்துவார்.

நான் உன்னைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லி அம்மாவின் போனில் நேரம் பார்த்தேன். "நாளெல்லாம் பண்றது பத்தாதுன்னு இவ வேற" என்று சலித்துக்கொண்டே செய்தாய். எத்தனையாவது முறையோ தெரியவில்லை, எனக்கு அது தெரிந்தது. உன் இடது கை எதையும் செய்யவில்லை. வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, மேசைல இந்தக் கூடு உட்கார்ற மாதிரி ஒரு மரக்கட்டையக் குடைஞ்சு வச்சா, பிடிக்கவே வேணாம். வலது கை தகட்ட அழுத்தறப்பவே இடது கை மூடிய எடுத்துடலாம். ரெண்டையும் ஒருத்தரே பண்ணிடலாம்."

நீ சோப்பு டப்பாவை இரண்டு செருப்புகளுக்கு நடுவில் செருகி நிறுத்திச் செய்து பார்த்தாய். வந்தது. இன்னொரு முறையும் வந்தது. "அடிப்பாவி" என்றாய். "எங்க சூப்பர்வைசருக்கு மேல கீற நீ."

இதற்கு அடுத்து நாம் பேசியதைத்தான் நான் எழுத வேண்டும். "அப்ப மேரி அக்கா இன்னா பண்ணுவாங்க?" என்று நான் கேட்டேன். நீ ஈர முடியை முறுக்கிக் கொண்டை போட்டாய். "வேற லைன்ல போடுவாங்க. ஆளு பத்தல, ஆளு பத்தலன்னு கூவிக்கினுதான கீறாங்க" என்றாய். நான் அதை ஒப்புக்கொண்டேன். நம்பி ஒப்புக்கொண்டேனா என்றால் இல்லை. அதற்குள் உன் அட்டையின் கட்டத்துக்குள் நான் வரைந்திருந்த படம் அவ்வளவு அழகாக வந்திருந்தது, அதைக் கிழிக்க மனமில்லை. உனக்கும் ஒரு காரணம் இருந்தது. உன் பயிற்சிக் காலம் முடிய ஒரு மாதம்தான் இருந்தது. நல்ல அட்டை கொடுத்தவர்களை நிரந்தரம் ஆக்குவார்கள் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். நிரந்தரம் ஆகாவிட்டால் வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டு சொல்லும் ஊருக்குப் போய் ஹாஸ்டலில் தங்க வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் உன் அம்மாவைத் தனியே விட்டுவிட்டுப் போக வேண்டும். நிரந்தரம் ஆனால் கம்பெனி வேன் எப்போதும்போல நம் தெருமுனைக்கே வரும்.

அந்த மாதத்தின் சிறந்த யோசனை உன்னுடையதுதான். மேடையில் ஏற்றி, கை தட்டி, கம்பெனி பெயர் போட்ட சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். உன் படத்தைக் கேன்டீன் பலகையில் ஒட்டினார்கள். அன்று நீ எனக்குப் பேருந்து நிலையத்தில் ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தாய். "எழுதனது நீ, கெடிகாரம் எனக்கு. எவ்ளோ அநியாயம் பாரு" என்று சொல்லிச் சிரித்தாய். நான் அன்று இரவே கட்டுரையை முடித்தேன். எங்கள் பள்ளியில் எந்தக் கட்டுரையும் நம் ஊர்க் கல்வெட்டில்தான் தொடங்கும். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே குடத்தில் ஓலை போட்டு ஊர் நிர்வாகத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்ததையும், ஒழுங்கில்லாதவர் நிற்கக் கூடாது என்று கல்லில் வெட்டி வைத்ததையும் எழுதிவிட்டு, அந்த வழியில் இன்றும் கடைக்கோடிப் பணியாளரின் குரலை மதிக்கும் நிறுவனம் என்று உன் கம்பெனியைப் பற்றி எழுதினேன். டீச்சர் வகுப்பில் என்னையே படிக்கச் சொன்னார்.

அடுத்த மாதம் நான் பள்ளி விட்டு வரும்போது நீ வேனிலிருந்து இறங்கினாய். அது உன் ஷிப்டு முடியும் நேரம் இல்லை. கையில் கம்பெனிக்குள் போடும் உன் செருப்பு, டிபன் பாக்ஸ், லாக்கர் பூட்டு மூன்றும் ஒரே பையில் இருந்தன.

"டேட்டு முடிஞ்சிட்சி" என்றாய். "அவ்ளோதான்."

"கார்டு?"

"கார்டு நல்லா கீதாம். அதனாலதான் ஆறாவது நாக்காலிய எடுத்துட்டாங்க."

"அப்ப மேரி அக்கா?"

"அவ கீறா. அவளுக்கு மூடி போடறதும் வரும், தகடு வைக்கறதும் வரும். எனுக்குத் தகடு மட்டுந்தான வரும்." நீ பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாய். "நல்லாத்தான் படிக்கறடி நீ."

அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாய். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று அன்றிலிருந்து நான் பல விதமாகப் படித்துப் பார்த்துவிட்டேன். ஒரு விதத்திலும் நிற்க மாட்டேன் என்கிறது.

யாரும் உன்னை வேலையை விட்டு நீக்கவில்லை. அதை நான் கவனமாக எழுத வேண்டும். குறித்த காலம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. தாளில் எல்லாம் சரியாக இருந்தது. நான் டீச்சரிடம் போய் என் கட்டுரையில் ஒரு பக்கம் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். "மார்க் போட்டாச்சேம்மா. எதுக்கு?" என்றார். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் இல்லை. "பாவந்தான். ஆனா அவங்க ரூல்படி தப்பு எதுவும் பண்ணலியே. இத எந்தத் தலைப்புல சேர்ப்ப?" என்றார். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் நெறிமுறைகள் பாடத்தை முதலிலிருந்து படித்தேன். கலப்படம் இருந்தது. பொய் விளம்பரம் இருந்தது. லஞ்சம் இருந்தது. உனக்கு நடந்ததற்கு ஒரு பெயர்கூட இல்லை.

இரண்டு மாதம் வீட்டில் இருந்தாய். பிறகு ஏஜெண்டு மூலமாக ஓசூர்ப் பக்கம் போனாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தபோது, "இங்கயும் கார்டு கீதுடி. ஆனா நீல கலரு" என்றாய். நான் உடனே, "எதுனா எழுதித் தரட்டுமா?" என்று கேட்டேன். உண்மையிலேயே கேட்டேன் அக்கா. அதற்குள் எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் வாய் கேட்டது.

"வேணாண்டி" என்றாய். "நா ஒண்ணும் எழுதாம வெறும் அட்டையாவே குடுக்கறேன். நீ பரிட்சைக்குப் படி."

அதுதான் கடைசியாகக் கேட்ட உன் குரல். ஹாஸ்டலில் பலருக்குக் கொசுக்கடியால் காய்ச்சல் வந்திருக்கிறது, மற்றவர்களுக்கு இறங்கியிருக்கிறது. உனக்கு இறங்கவில்லை. உன் அம்மா போய்ச் சேர்ந்தபோது உனக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை என்றார்கள். கொசுவுக்கும் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம் என்று என் அப்பா கேட்கிறார். ஐந்தாவது நாற்காலியில் நீ இருந்திருந்தால் அந்த ஹாஸ்டலில் இருந்திருக்க மாட்டாய் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்திய அன்று மேரி அக்கா மாலையோடு வந்திருந்தார். இரண்டு மணிக்கட்டிலும் பட்டையாகத் துணி சுற்றியிருந்தார். உன் அம்மாவின் கையைப் பிடித்தவர் வலி தாங்காமல் விட்டுவிட்டார். "ரெண்டு பேரு வேலய என் கை ஒண்ணே பண்ணுதும்மா" என்றார். "அவ இருந்தா பேசிக்கினு பண்ணுவோம். இப்ப பேசறதுக்கும் பக்கத்துல ஆளு இல்ல." அட்டையை எழுதியது நான்தான் என்று அவருக்குத் தெரியாது. சொல்ல வேண்டும் என்று அவர் பின்னாலேயே தெருமுனைவரை நடந்தேன். வேன் வந்துவிட்டது.

இனி இன்றைக்கு நடந்தது. கம்பெனியிலிருந்து வந்த அதிகாரி இளைஞர். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே மேனேஜ்மென்ட் தெரிஞ்ச ஊரு உங்களது" என்று அவரும் கல்வெட்டில்தான் தொடங்கினார். பிள்ளைகள் கை தட்டினார்கள். வேலை செய்கிறவர்களிடமிருந்துதான் நல்ல யோசனைகள் வரும் என்று சொல்லிவிட்டு, திரையில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். முதல் படத்தில் ஆறு பெண்கள். ஐந்தாவது நீ. தொப்பிக்குள் முடியெல்லாம் போயிருந்தது, ஆனாலும் நீதான். மேரி அக்கா பக்கம் திரும்பி எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

"ரெண்டு படத்துக்கும் என்ன வித்தியாசம்? யாராவது சொல்லுங்க பாப்போம்."

"ரெண்டாவதுல சுத்தமா கீது சார்" என்றாள் ஒருத்தி.

"மொதல்ல பேசிக்கினு கீறாங்க, ரெண்டாவதுல வேல பண்றாங்க" என்றாள் கலைவாணி. எல்லோரும் சிரித்தார்கள்.

பின் வரிசையிலிருந்து ஒரு குரல், "சார், ஒரு அக்காவக் காணோம்" என்றது.

"கரெக்ட்" என்றார் அதிகாரி. "அதுதான் முன்னேற்றம். இதக் கண்டுபுடிச்சது இன்ஜினியர் கிடையாது. உங்க ஊர்ப் பக்கத்துலேருந்து வந்த ஒரு சாதாரண ஒர்க்கர். பேரு எனக்கு ஞாபகம் இல்ல."

நான் எழுந்து நின்றேன். உன் பெயரைச் சொல்லத்தான் எழுந்தேன். பெயரைச் சொல்லிவிட்டு, வரைந்தது நான் என்றும் சொல்லிவிட்டு, ஐந்தாவதும் ஆறாவதுமாக இருந்த அந்த இரண்டு பேரும் இப்போது எப்படி இருக்கிறார்கள் தெரியுமா என்று கேட்க வேண்டும். வார்த்தைகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். என் கண் அவரைப் பார்க்கவில்லை. இரண்டாவது படத்தில் நின்றிருந்தது. மூன்றாவதாக உட்கார்ந்திருந்த பெண், யாரென்று எனக்குத் தெரியாத ஒருத்தி, வலது கையால் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது கை சும்மா இருந்தது. அங்கே ஒரு சின்னக் கொக்கி வைத்தால் போதும், நான்கு பேரே செய்துவிடலாம்.

நான் அப்படித்தான் நினைத்தேன் அக்கா. உன் முகம் பக்கத்திலேயே இருக்கும்போது அதுதான் முதலில் தோன்றியது. தோசை வார்க்கும் என் அம்மாவின் கையையும் பேருந்து நடத்துநரின் கையையும் நான் இப்போது அப்படித்தான் பார்க்கிறேன். நீ போன பிறகு உன்னோடு சேர்ந்து கண்டுபிடித்தது என்று எனக்கு மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். இதை எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியாமல் கூடவே வைத்திருக்கிறேன்.

"சொல்லும்மா, என்ன டவுட்?" என்றார் அதிகாரி.

"ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

"வீடியோ பாத்தா புரியும்" என்று சொல்லிவிட்டு அவர் கதவுப் பக்கம் கையசைத்தார். நான் உட்காருவதற்குள் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.