கிள்ளானிலிருந்து வந்த பூட்டு

டிசம்பர் 14

விடியலில் பனி. மலை தெரியவில்லை. கடமலைக்குண்டு கடையில் டீ, பருப்பு வடை. ஏழைகளுக்கு வீடு கட்டித் தர மலேசியாவிலிருந்து வந்த எங்கள் கிள்ளான் குழுவில் மற்றவர்கள் ஆண்டிபட்டிப் பக்கம் வேறு வீடு கட்டப் போய்விட்டார்கள். வேலுத்தாயி வீட்டுக்கு நான் மட்டும். நல்லதுதான். செங்கல் தூக்கியதைவிட அவர்கள் படம் எடுத்ததே அதிகம்.

மிச்ச வேலை: சமையல் மேடைப் பூச்சு. ஜன்னல் பெயின்ட். வாசல் கதவு. பூட்டு (நான் வேலை பார்க்கும் ஹார்ட்வேர் கடையில் இருந்ததிலேயே நல்லது, நானே வாங்கி வந்தேன்).

வேலுத்தாயி தன் வீட்டுக்குத் தானே சித்தாள். சாந்துச் சட்டியோடு அவள் நடக்கிற வேகத்துக்கு எனக்கு மூச்சு வாங்குகிறது. கணவர் மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில். அவள் சின்ன மகள் மல்லிகா, புது வீட்டை ஒட்டிய தார்ப்பாய்க் கொட்டகையில் இருமிக்கொண்டே இருக்கிறாள். அவள் கூரைக்குக் கீழே படுப்பதைப் பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறுவேன்.

பெருமாள் கொத்தனார் சிமென்ட் மூட்டைக்குக் காவலாக வீட்டுக்குள்ளேயே படுக்கிறார். குறட்டை கொட்டகை வரைக்கும் கேட்கிறதாம்.

டிசம்பர் 16

கோயில் ஸ்பீக்கர் அலறி எழுப்பியது. மார்கழி பிறந்துவிட்டது. கை நகத்தில் பெயின்ட், போகவில்லை.

“பால் எப்ப காய்ச்சுற?” என்று வேலுத்தாயியிடம் கேட்டேன்.

“தை பொறக்கட்டும்க்கா.”

தையில் நான் கிள்ளானில் ஆணி எண்ணிக்கொண்டிருப்பேன். எங்கள் ஊரிலும் மார்கழியில் யாரும் புது வீடு போவதில்லை. தெரியாதா என்ன? ஆனால் பள்ளி விடுமுறை டிசம்பரில்தானே என்று கிளம்பி வந்தோம். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை, எனக்கும்தான்.

டிசம்பர் 18

ஜெபராஜ் சார் தேனியிலிருந்து போன். எங்கள் வேலையை ஒருங்கிணைப்பவர். “சாவி குடுக்குற போட்டோ வேணுங்குறாகம்மா. ஒங்க ஊர்ல பணம் குடுத்தவுக கேட்டுக்கிட்டே இருக்காக.”

இப்போதே குடிவந்துவிடலாமே என்று சொன்னேன். வேலுத்தாயி கையை உதறினாள். “போன வீட்டுக்கு அவசரப்பட்டு மார்கழியிலதான் போனோம். ஊரே சொல்லுச்சு, கேக்கல. அடுத்த மழையில செவுரு விழுந்துச்சு. மல்லிகா அப்ப கைப்பிள்ள.”

மண் சுவர், விழத்தான் செய்யும் என்று வாய் வரை வந்தது.

மதியம் சாப்பிடப் பிடிக்கவில்லை. பெயின்ட் அடித்த ஜன்னலுக்கே மறுபடி அடித்தேன்.

டிசம்பர் 19

மழை. கொட்டகைக்குள் தண்ணீர். மல்லிகாவுக்கு இளைப்பு. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி. முகத்தில் மாஸ்க் மாட்டி மருந்துப் புகை வைத்தார்கள். நர்ஸ்: “ஈரத்துல படுக்கப் போடாதீக.”

திரும்பி வந்து அதே ஈரத்தில் வேலுத்தாயி கோணி விரித்தாள். எனக்கு ஆத்திரம். பக்கத்திலேயே காய்ந்த தரை, கூரை, சுவர். “நல்லாருக்கா இது?” என்று கத்திவிட்டேன்.

“ஆக்கப் பொறுத்தீக, ஆறப் பொறுக்க மாட்டீகளாக்கா?”

ஆறட்டும் என்று விட இது சோறா? அவள் கண் கலங்கியிருந்தது. பிள்ளை மேல் என்னைவிட அவளுக்கு அக்கறை இருக்காதா? நான் ஒரு மடைச்சி.

டிசம்பர் 20

காலையில் பூட்டு மாட்டினேன். கச்சிதம். திறந்து மூடி, திறந்து மூடி. பெருமாள் அண்ணன்: “போதும் தங்கச்சி, தேஞ்சிரும்.” வேலை முடிந்தது, போனில் சொல்லியாயிற்று. நாளை ஜெபராஜ் சார் கேமராவோடு வருகிறார். மறுநாள் எனக்கு விமானம்.

சாயங்காலம் மறுபடி தூறல். பெருமாள் அண்ணன் வழக்கம்போலப் பாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். பார்த்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று பட்டது. வேலுத்தாயியிடம் கேட்டேன்:

“அண்ணன் மட்டும் உள்ள படுக்கலாமா?”

“அவுக வேலை பாக்குறவுக. அது குடிபோறதாகாதுல்ல?”

“நீ யாரு? இந்த வீட்டுச் சித்தாளுதானே.”

சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. வாசல் நிலையையே பார்த்தாள். “சரித்தேன். ஆனா வேலைதான் முடிஞ்சுபோச்சேக்கா.”

ஸ்க்ரூ டிரைவர் எடுத்தேன். காலையில் மாட்டிய என் பூட்டு. ஒவ்வொரு திருகாகக் கழற்றினேன். மனசு கேட்கவில்லை, கை நிற்கவில்லை. கதவில் ஓட்டை.

“இப்ப?”

“இப்ப முடியலக்கா,” என்றாள் மெதுவாக.

பூட்டும் சாவியும் பெருமாள் அண்ணனிடம். தை பிறந்ததும் அவர் மாட்டுவார். கதவுக்கு இப்போதைக்குக் கயிறு. காவலுக்கு இனி ஆள் இருக்கிறது, நான் கூடப்பொறந்தவ வீட்டுக்குப் போறேன் என்று பாயைச் சுருட்டினார்.

ஜெபராஜ் சாருக்குப் போன்: போட்டோ இல்லை, வீடு முடியவில்லை. “காலையில முடிஞ்சதுன்னீகளேம்மா?” சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன்.

வேலுத்தாயி வந்தாள். தலையில் சாந்துச் சட்டி. அதில் தலையணை, போர்வை, மருந்து பாட்டில்.

“தள்ளுங்கக்கா, சித்தாளு வர்றேன்.”

பின்னாலேயே மல்லிகா, இருமிக்கொண்டு. தலையில் ஒரு துண்டுச் செங்கல், இரண்டு கையாலும் பிடித்தபடி.