கிழிந்த பாய்தான் மரியாதை

மாங்கெரே
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து

அன்பு மகன் லிசியாத்தேக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் இருக்கிறோம், நீயும் அந்த ஆஸ்திரேலியப் பாலைவனச் சுரங்கத்தில் வெயிலுக்குத் தப்பி உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். ஃபூசி அத்தையை அடக்கம் பண்ணி நேற்றோடு ஒரு வாரம் ஆயிற்று, உனக்கு லீவு கிடைக்காமல் போனை வைத்துக்கொண்டு அழுதாய் என்று அப்பா சொன்னார், அழாதே, உன் பங்குக்கும் சேர்த்து நான் அடுப்படியில் நின்றேன். சேப்பங்கிழங்கு உரித்து உரித்து கை இன்னும் அரிக்கிறது. அப்பாவின் அக்கா என்றால் நம் வீட்டில் அவளுக்கு மேல் யார், நாமெல்லாம் அவளுக்குக் கீழே, அதனால் நம் டோங்கா வழக்கப்படி துக்கத்துக்கு இடுப்பில் சுற்றிக் கட்ட எனக்கும் உன் தங்கை பிசிலாவுக்கும் இருப்பதிலேயே பெரிய பாய், இருப்பதிலேயே கிழிந்த பாய். பிசிலாவுக்கு அது நெஞ்சு வரை வந்தது, ஓரமெல்லாம் நார் நாராகத் தொங்கியது, அதைக் கட்டிக்கொண்டு அவள் நின்ற நிற்பைப் பார்த்து உன் அப்பாவே ஓவென்று அழுதுவிட்டார். ஒரு மாதம் கட்டுவது என்று குடும்பத்தில் பேசி முடிவு செய்தோம்.

திங்கட்கிழமை அவள் சீருடைக்கு மேல் அந்தப் பாயைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். கேட்டிலேயே துணைத் தலைமையாசிரியர் நிறுத்தி, இதை ஆபீசில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போ, சாயங்காலம் வாங்கிக்கொள் என்றிருக்கிறார். இவள் முடியாது என்றிருக்கிறாள். வெள்ளிக்கிழமை வரை பள்ளிக்கு வரக்கூடாது என்று கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், காரணம் என்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா, அடங்காமை. அடங்காமையாம்! பெரியவளுக்கு நான் அடங்கினவள் என்று ஊருக்குச் சொல்லத்தானே அந்தப் பாயே. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கடிதத்தை நாலாகக் கிழித்திருப்பேன், பிசிலா பிடுங்கி வைத்துக்கொண்டாள், ஆதாரம் வேண்டுமாம், என்னைவிடப் புத்தி அதிகம் அவளுக்கு.

உன் அப்பா வழக்கம் போல, பள்ளிக்கூடத்தோடு நமக்கெதற்கு வம்பு, கேட்டில் கழற்றட்டும், வெளியே வந்து கட்டிக்கொள்ளட்டும் என்றார். அக்காவைப் பறிகொடுத்த மனுஷன், அவரைத் திட்ட மனசு வரவில்லை, அதுவும் போக அது அவர் பேச்சே இல்லை, என் பேச்சு. உன் தாத்தா இறந்தபோது உனக்குப் பதினைந்து வயசு, இதே கேட், இதே பாய். படிப்புதான் முக்கியம், கழற்றிப் பையில் வைத்துக்கொள் என்று உன்னிடம் சொன்னது பள்ளிக்கூடம் இல்லை, நான். நீ தெருவில் நின்று அதைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாய். அந்த வருஷக் கடைசியில் பள்ளிக்கூடமே வேண்டாம் என்றாய், சோம்பேறி என்று உன்னை நாள் முழுக்கத் திட்டினேன். பன்னிரண்டு வருஷமாக இதை உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. தப்பு என்னுடையதுதான் மகனே, என்னை மன்னித்துவிடு.

செவ்வாய்க்கிழமை லாண்டரி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, என் பாயைக் கட்டிக்கொண்டு, பிசிலாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். தலைமையாசிரியை நல்ல மனுஷி, அதுதான் கஷ்டமே, சண்டை போடவும் விடமாட்டாள். டீ கொடுத்தாள், அத்தைக்காக வருத்தப்பட்டாள், பிறகு நடனக் குழு அலமாரியைத் திறந்து, மெல்லிய பின்னலில் சிப்பி கோத்த பளபளப்பான ஒரு பாயை எடுத்து வந்து, இது சின்னதாக அழகாக இருக்கிறதே, கிழியவும் இல்லை, இதைக் கட்டிக்கொள்ளட்டுமே என்றாள். அதைக் கட்டினால் இந்தப் பெண் அத்தையைவிட ஒசத்தி என்று ஆகிவிடும், குழியில் கிடக்கிறவளை அவமானப்படுத்துகிற மாதிரி, எங்களுக்குக் கிழிந்ததுதான் மரியாதை என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் சுவரில் ஆளுயரப் படம், போன வருஷ விழாவில் நம் பிசிலா ஆடுகிறது, இடுப்பில் அதே சிப்பிப் பாய். பிசிலா அந்தப் படத்தைக் காட்டி, "மிஸ், ஆடுறப்ப மட்டும் நாங்க டோங்காக்காரங்க, வீட்ல ஒருத்தங்க செத்துட்டா நாங்க வெறும் யூனிபார்மா?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவே இல்லை. அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது, நிர்வாகக் குழுவில்தான் பேச வேண்டும் என்றாள்.

வெள்ளிக்கிழமை மாலை குழு கூடியது. ஆறு பேர், எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். இந்த ஒரு தடவை மட்டும் விதிவிலக்காக அனுமதிக்கிறோம், அந்த அடங்காமைக் குறிப்பு அப்படியே இருக்கும், இனிமேல் விதியை மீற மாட்டோம் என்று கையெழுத்துப் போடுங்கள் என்று பேனாவை நீட்டினார்கள். உன் அப்பா என் முழங்கையை இடித்தார், போட்டுவிடு என்று. நான் எழுந்து நின்றேன். "நான் சலுகை கேட்டு வரல. எங்க துக்கத்துக்கு எடம் உண்டுன்னு உங்க விதியிலயே எழுதுங்க. முடியாதுன்னா எம் பொண்ணு படத்தச் செவுத்துலேருந்து எறக்கிருங்க" என்றேன். அவர்களில் ஒருவர், அடுத்த கூட்டத்தில் யோசிக்கலாம், ஆனால் கையெழுத்து இல்லாமல் திங்கட்கிழமை பாயோடு வந்தால் பள்ளியை விட்டே நிறுத்த வேண்டி வரும் என்றார். பேனாவை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டோம்.

நாளைக்குத் திங்கட்கிழமை. எனக்குப் பயம் இல்லை என்று எழுதினால் பொய். இரண்டு பிள்ளைகளில் ஒன்றின் படிப்பு அந்தக் கேட்டிலேயே போயிற்று, இவளோ கணக்கில் வகுப்பிலேயே முதல். என்ன செய்யப் போகிறாய் என்று இவளையே கேட்டேன், பாயை அயர்ன் பண்ண முடியாதில்லையா, சட்டையை மட்டும் பண்ணிக் கொடும்மா என்று சிரிக்கிறாள். உன் அப்பா இப்போது பரணிலிருந்து தன் பாயை எடுத்து உதறிக்கொண்டிருக்கிறார், அவரும் வருகிறாராம். திருப்பி அனுப்பினால் செவ்வாய்க்கிழமையும் போவோம்.

கர்த்தர் உன்னைச் சுரங்கத்துக்குள் காத்து, ஏறி வரும்போதும் காக்கட்டும். தண்ணீர் குடி, அந்த டப்பா மாட்டிறைச்சியையே தினமும் தின்னாதே. மறந்துவிடாதே, நீயும் அத்தைக்குக் கீழேதான். நம் சபையிலிருந்து பெர்த்துக்கு வரும் கலோலைனே கையில் உனக்கு ஒரு பாய் கொடுத்து அனுப்பியிருக்கிறேன், பெரியது, நன்றாகக் கிழிந்தது. மெஷின் பக்கத்தில் கட்டாதே, சாப்பாட்டுக் கூடத்தில் கட்டு, ஆராதனைக்குக் கட்டு. யாராவது கழற்று என்றால், கழற்ற வேண்டாம் என்று என் அம்மா சொல்லியிருக்கிறாள் என்று சொல்.

உன்னைப் பெற்றவள்,
சிலியா