கெம்பு பேடா

அண்ணாச்சி, முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கம்பெனி மேனேஜரின் பேரனுக்குப் பிறந்தநாள். கேக் சும்மா ரத்தச் சிவப்பு. எல்லோரும் கைதட்டிப் பாடிக்கொண்டிருக்க, நான் ஓரத்து க்ரீமை விரலால் வழித்து நாக்கில் தடவிக்கொண்டு போய், வாஷ்பேசின் கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டிப் பார்த்தேன். பின்னால் மேனேஜர் சம்சாரம் துண்டோடு நிற்கிறார். "உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா சார்?" என்றார். சாயம் ஒட்டுதா என்று பார்த்தேன் எனச் சொல்லியிருக்கலாம். நாக்கு உள்ளே போனால்தானே வார்த்தை வெளியே வரும்.

உங்கள் பேக்கரியில் பிடித்த வியாதி இது. ஷிப்ட் முடிந்ததும் ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் உங்கள் கடை ஸ்டூலில் உட்கார்ந்தேன் என்றால், எந்த சூப்பர்வைசருக்கு மாமியார் தொல்லை, எவன் லோன் போட்டு பைக் வாங்கினான் என்று ஊர்க்கதை மொத்தமும் பேசித் தீர்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். நீங்கள் கேட்டுக்கொண்டே மாவு கலக்குவீர்கள். சாயம் ஊற்றும்போது மட்டும் கிண்ணத்தை என் முகத்துக்கு நேரே நீட்டுவீர்கள். "செவப்பா வந்திருக்காவே?" நான் தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, தீர்ப்புச் சொல்வேன். அண்ணாச்சிக்கு என் ரசனை மேல் எத்தனை மரியாதை பார் என்று வீட்டில் பீற்றிக்கொண்டதும் உண்டு.

பல வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் நீங்கள் அடுப்படியில் இருந்தீர்கள். போனை எடுத்தது நான். மேகனாவின் அம்மா, கன்னடக்காரர், எங்கள் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். வெளியே லாரி ஹாரன். மகளுக்குப் பிறந்தநாள், சாயங்காலம் கேக் வேண்டும் என்றார். பிறகு "கெம்பு பேடா, கெம்பு பேடா" என்று அழுத்தி அழுத்திச் சொன்னார். நாகரசம்பட்டிக்காரன் எனக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு என்று உங்களிடம் அளந்து வைத்திருந்தேனே. கெம்பு என்றால் சிவப்பு. பேடா யாருக்குத்தான் தெரியாது? "கேக்கோட ரெட் கலர் பேடாவும் வேணுமாம் அண்ணாச்சி, நல்லா தூக்கலா" என்றேன். நீங்கள் பாட்டிலைக் கவிழ்த்தீர்கள்.

சாயங்காலம் மேகனாவின் அம்மா தட்டைப் பார்த்தார். முகம் போன போக்கை இன்றும் மறக்க முடியவில்லை. "சார், கெம்பு பேடான்னா சிவப்பு வேண்டாம்னு அர்த்தம். இவளுக்கு இந்தக் கலர் ஆகாது. சாப்ட்டா உடம்பெல்லாம் தடிச்சிக்கும். எல்லாப் புள்ளைங்களுக்கும் அப்படி இல்ல, இவளுக்கு வரும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

மேகனா அழவில்லை. தட்டின் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அதுதான் வம்பாகிவிட்டது. "எல்லார் பர்த்டேலயும் இப்படித்தான் நிப்பா. வெள்ளை கேக்கே குடுங்க" என்றார் அம்மா. "எனக்கு கெம்புதான் பேக்கு" என்றாள் அவள், மெதுவாக. சிவப்புதான் வேண்டுமாம். இந்தத் தடவை எனக்குச் சரியாகப் புரிந்தது.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "பிள்ள செவப்பு கேக்குது. போயி பீட்ரூட் வாங்கிட்டு வாரும்வே, கன்னட பண்டிதரே."

பீட்ரூட் போட்ட முதல் கேக் வெளியே வந்தது. "செவப்பா?" என்றீர்கள். "செங்கல் சூளை அண்ணாச்சி" என்றேன். மேகனாவின் அம்மாதான் சொன்னார், பீட்ரூட் பொரியலில் எலுமிச்சை பிழிந்தால் கலர் நிற்கும் என்று. அடுத்த மாவில் சோடாவைக் குறைத்து, தயிரும் எலுமிச்சையும் சேர்த்தீர்கள். க்ரீமில் வேகவைக்காத பீட்ரூட் சாறு. மறுபடி கிண்ணம் என் மூக்குக்கு வந்தது. "இப்ப சொல்லும்வே." "கல்யாணக் கூரைப்புடவை அண்ணாச்சி" என்றேன். கொஞ்சம் மிகை. உள்ளே கேக் செம்மண் நிறம்தான். க்ரீம் மானத்தைக் காப்பாற்றியது.

மேகனா வெட்டினாள். முதல் துண்டை யாருக்கும் ஊட்டாமல் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள். மறுநாள் காலை போன் வந்தது: ஒரு தடிப்பு இல்லை, நன்றாகத் தூங்கினாள். நீங்கள் சாய பாட்டிலைக் குப்பைக்கூடைக்கு அனுப்பினீர்கள். கடைவாசலில் "இங்கு கெம்பு பேடா" என்று தமிழில் போர்டு வைத்தீர்கள். கன்னடக்காரர்களுக்கு வாசித்துச் சொன்னால் மெச்சினார்கள். நம்மாட்கள் கிலோ என்ன விலை என்று கேட்டார்கள். சூளகிரியிலிருந்தெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். முதலில் போட்ட அந்தச் சாயப் பேடாக்களை நாம் இரண்டு பேரும்தான் தின்று தீர்த்தோம். நாக்கு சிவந்து கிடக்கிறது என்று நான் கண்ணாடியில் பார்த்துச் சொன்னதும், "இதுதான்வே டெஸ்ட்டு. ஒட்டுனா பிள்ளைக்குக் குடுக்காதீரும்" என்றீர்கள். பீட்ரூட்டும் ஒட்டும் என்று நான் சொன்னபோது பேச்சை மாற்றிவிட்டீர்கள்.

ஆனாலும் அந்த டெஸ்ட்டைத்தான் சுமந்துகொண்டு, வீடு வீடாக நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறேன். மேகனா இப்போது காலேஜ் போகிறாள். பார்க்கும்போதெல்லாம் "பேடா அங்கிள்" என்கிறாள். ஓசூரில் ஒரு பிள்ளைக்குச் சிவப்பைத் திருப்பிக் கொடுத்தவர்கள் நாம் என்று நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறேன். நீங்கள் பட்ட பாடும் என் கண்ணும் சேர்ந்து ஜெயித்தது அது.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களிடம் இதை நான் கைகாலை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அண்ணி காபியை வைத்துவிட்டுச் சொன்னார்: "லாரி ஓட்டணும்னுதான் கெடந்தாவ. கண் டெஸ்ட்டுல தள்ளிட்டான். செவப்பும் பச்சையும் அவுகளுக்கு ஒண்ணுதான். அதான் கேக்கு போட வந்தாவ."