காந்தாரி அரைத்த அம்மி

நேற்று ஆபீஸ் முடிந்து கழக்கூட்டத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது மருமகள் ஒரு சின்ன டப்பா வாங்கி வந்தாள். அவள் ஆபீஸ் பெண்கள் எல்லாரும் இதைத்தான் தேய்த்துக் குளிக்கிறார்களாம். 'ஸ்க்ரப்' என்று பெயர். மூடியைத் திறந்தால் காப்பிப்பொடி, சர்க்கரை, தேங்காய் எண்ணெய். நம் அடுக்களை அலமாரியைக் கலக்கி உள்ளே அடைத்ததுபோல இருந்தது. விரலில் கொஞ்சம் எடுத்து, என்னையறியாமல் மூக்கருகே கொண்டுபோனேன். கெட்டுப்போய்விட்டதா என்று அவள் கேட்டாள். இல்லை, பழக்கம் என்றேன். உன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் சோறு குழைந்துவிடும். அதனால் அவளிடம் சொல்லாததை, சிநேகிதி, உனக்கு எழுதுகிறேன். நீ உயிரோடு இருந்தபோதும் என் கடிதங்களை முழுசாக வாசித்தவள் இல்லை, இதையாவது வாசி.

எழுபதுகளின் தொடக்கம். கரமனையில் நாகர்கோவில்காரர்களான நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர், பொதுவாக ஒரு கிணறு, கிணற்றடியில் ஒரே அம்மி. நீ டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். நான் வஞ்சியூரில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். ஹெட்போன் அழுத்தி அழுத்தி உன் காதோரம் கறுத்திருந்தது. கார்பன் தாள் பிடித்துப் பிடித்து என் விரல்கள் நீலமாகியிருந்தன. இரண்டு பேருக்கும் வைத்தியம் அடுக்களையில் இருப்பதாக நான் கண்டுபிடித்தேன். உன் உடம்புதான் என் ஆராய்ச்சிக்கூடம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆண்கள் தூங்கியதும் நம் கடை திறக்கும். சிறுபயறை வறுக்காமல் ரவைப் பதத்தில் அரைப்பேன். மொட்டைமாடியில் காயவைத்த ஆரஞ்சுத் தோலை இடித்துச் சேர்ப்பேன். பால் பிழிந்து போட்ட தேங்காய்ச் சக்கை உன் முதுகுக்கு. சர்க்கரையும் எலுமிச்சை மூடியும் என் விரலுக்கும் உன் முழங்கைக்கும். காப்பி வடிகட்டியில் மிஞ்சிய மண்டியைக்கூட விட்டுவைக்கவில்லை. நீ கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து, நான் குழைப்பதையெல்லாம் முதலில் மோந்து பார்ப்பாய். கொஞ்சம் புளித்த தயிர் என்றால் கிண்ணத்தைத் தள்ளிவிடுவாய். "இத மோருகறியில ஊத்துட்டி, எம்மேல ஊத்தாத" என்பாய். எக்ஸ்சேஞ்சில் காதால் பிழைத்தாய், வீட்டில் மூக்கால் பிழைத்தாய்.

அப்புறம் அந்தச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு பம்பாயில் வேலை. பெண் வேலையை விட்டுவிட்டு உடனே கிளம்ப வேண்டும் என்பது அவர்கள் சொன்ன ஒரே நிபந்தனை. உன் அப்பாவுக்கு அது நிபந்தனையாகவே தெரியவில்லை. உன்னிடம் யாரும் கேட்கவில்லை, நீயும் வாயே திறக்கவில்லை. ஷிஃப்டுக்குப் போகும்போது மட்டும் வழக்கத்தைவிடக் கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்பிப் போனாய். நான் உன் காதோரக் கறுப்பைப் பற்றி மட்டும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிறு காலையில் அவர்கள் வருகிறார்கள், அதற்குள் உன் முகத்தைப் பளிச்சென்று ஆக்கிவிடுவது என் பொறுப்பு என்று நானே எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரம்தான் அம்மி கொத்துகிறவர் வந்து போயிருந்தார். புதிதாகக் கொத்திய அம்மியின் ஒவ்வொரு குழியும் அரைத்ததில் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சனிக்கிழமை மத்தியானம் அவித்த மரச்சீனிக் கிழங்குக்குத் தொட்டுக்கொள்ள உன் அம்மா காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி அரைத்தார். விரல் நுனி அளவு இருந்துகொண்டு ஆளை அழவைக்கும் அந்த மிளகாயை உனக்குத் தெரியாதா. சாயங்காலம் நான் அதே அம்மியில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஊறவைத்த பயறையும் ஆரஞ்சுத் தோலையும் அரைத்தேன். தயிரில் குழைத்துக் கிண்ணத்தோடு கொடுத்தேன். வீட்டிலிருந்து என் அம்மா கூப்பிட்டார், போனேன். திரும்பி வந்தபோது நீ முகம் முழுவதும் அப்பி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாய். கண்ணோரம் நீர் வழிந்துகொண்டிருந்தது. எரிகிறதா என்று கேட்டேன். "கொஞ்சம் பிடிக்குது, அவ்வளவுதான்" என்றாய்.

கழுவியபோது முகம் வெந்ததுபோலச் சிவந்திருந்தது. ராத்திரிக்குள் கன்னம் தடித்துவிட்டது. வெண்ணெய், மோர், கற்றாழை என்று எதைத் தடவியும் அடங்கவில்லை. அம்மி கழுவத் தெரியாத பெண் பிள்ளையா என்று உன் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். உன் அப்பாவின் முன்னால் நின்று நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

மறுநாள் மாப்பிள்ளையின் தாயார் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டார். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். நீ முந்திக்கொண்டாய். "இடைக்கிடைக்கு இப்படி வரும்" என்றாய். கேசரியைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்கள்.

என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் அப்படிச் சொன்னாய் என்று நினைத்தேன். எனக்காகத் தன் வாழ்க்கையையே கெடுத்துக்கொண்ட சிநேகிதி. அந்தப் பாரத்தை எட்டு வருஷம் சுமந்தேன். இடையில் எனக்குக் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிப் போனேன். நீ இன்னும் அந்தக் கிணற்றடியில் இருக்கிறாயே என்று நினைத்தால் சோறு இறங்காது. உன் சேலைக்கு நான் கஞ்சி போட்டேன், உன் வீட்டுத் தேங்காயை நான் துருவினேன், சாலைக் கடைத்தெருவுக்குப் போனால் உனக்கும் சேர்த்துச் சுமந்து வந்தேன். நீயும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டாய்.

உன்னோடு வேலை பார்த்த ஒருவரை நீயே பார்த்து, நீயே அப்பாவிடம் பேசி முடித்தபோது உனக்கு முப்பத்திரண்டு வயது. வேலையை விட வேண்டிய பேச்சே இல்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் நலுங்கு மாவு அரைக்க நான்தான் வந்தேன். அதே அம்மி. தேங்காய்நார் போட்டு, சாம்பல் போட்டு, வெந்நீர் ஊற்றி, கை வலிக்கத் தேய்த்தேன். நீ கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாய்.

"எவ்வளவு நேரமாட்டி கழுவுவ? அண்ணைக்கு நான் மோந்து பாத்துட்டுதான் போட்டேன், கேட்டியா."

கை நின்றுவிட்டது. கோபத்தில் தேங்காய்நாரை விட்டெறிந்தேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ அப்பாகிட்ட பொய் சொல்லணும். ஒனக்குப் பொய் சொல்லத் தெரியாது. நீ அழுத அழுகையிலதான் எல்லாரும் நம்பினா."

பின்னே எட்டு வருஷம் தேங்காய் துருவ வைத்தது எதற்கு என்று கேட்டேன். நீ சிரித்த சிரிப்பில் கிணற்றடிக்கு உன் அம்மா ஓடி வந்தார். அன்று உன் காலுக்கும் கைக்கும் மாவைத் தேய்த்த வேகத்தில் தோல் வந்திருக்க வேண்டும். சிரிப்பும் அழுகையுமாகத் தேய்த்தேன். உன்மேல் இருந்த கோபம் இரண்டு நாளில் தீர்ந்தது. என்மேல் உள்ளது தீரவில்லை. ஒரு மாதமாகப் பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் நீ அந்தக் கல்யாணத்தை வேண்டாமென்று தவித்திருக்கிறாய். நானோ உன் காதோரத்தை மட்டும் பார்த்திருக்கிறேன்.

நீ நோயில் படுத்திருந்த கடைசி மாதங்களில் மருந்தின் சூட்டில் உன் தோல் செதில் செதிலாக உரிந்தது. சோப்புப் பட்டால் எரிகிறது என்றாய். பயறை மையாக அரைத்து, மெல்லிய துணியில் சலித்து, பாலில் குழைத்துக் கொண்டுவந்தேன். கிண்ணத்தை உன் மூக்கருகே நீட்டினேன். நீ கண்ணைத் திறக்காமல் கையை மட்டும் நீட்டினாய்.

"மோந்து பாக்கல்லியா?" என்றேன்.

"நீ பாத்திருப்பல்லா."

பார்த்திருந்தேன், மூன்று தடவை. தேய்க்கவில்லை, பூசிவிட்டேன். உன் கை அவ்வளவு லேசாகிவிட்டிருந்தது.

நேற்று மருமகளும் அப்படித்தான், தேய்த்துவிடச் சொல்லிக் கையை நீட்டினாள். அடுத்த மாதம் சேரும்படி அவளுக்கு வெளியூரில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. போகட்டுமா வேண்டாமா என்று என் மகனும் அவள் அப்பாவும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். டப்பாவில் தவறாக ஒரு மணமும் இல்லை. ஒரு கை எடுத்து அவள் முழங்கையில் வைத்துவிட்டு, உன்னிடம் நான் கேட்காமல் விட்டதை, நம்மூரில் பிள்ளையைக் கூப்பிடுகிறபடி கூப்பிட்டு அவளிடம் கேட்டேன்.

"ஒனக்குப் போகணுமா மக்களே?"