புகையிலை எந்தப் பக்கம்?

தஃபால்யா
1977 ஜனவரி 12

அன்புள்ள சகோதரி எங்ராசியாவுக்கு,

இங்கு நலம். நீங்களும் உங்கள் வீட்டாரும் நலமாயிருக்க வேண்டும். என் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். உள்நாட்டுப் போரின்போது, 1938-இல் எப்ரோ ஆற்றுச் சண்டையில், பாண்டோல்ஸ் மலையில், உங்கள் அண்ணன் ஜாசிண்டோடு ஒரே பதுங்குகுழியில் இருந்தவன் நான். அவரை இந்தக் கைகளால்தான் அடக்கம் செய்தேன். இடம் எனக்குத் தெரியும்.

போரில் ஜெயித்து இத்தனை வருஷம் நாட்டை அடக்கி ஆண்ட கிழவர் மாட்ரிட்டில் போய்ச் சேர்ந்த பிறகுதான் இப்படியெல்லாம் எழுதத் துணிச்சல் வந்திருக்கிறது. எனக்கு நுரையீரல் சரியில்லை. மலை ஏற முடிகிறபோதே உங்களைக் கூட்டிப்போய்க் காட்டிவிட வேண்டும். ஈஸ்டருக்குப் பிறகு தோதுப்படுமா?

தங்கள் நலம் நாடும்
ஃபெர்மின் ஒத்தெய்சா

*

பினெல்
ஜனவரி 20

திரு. ஃபெர்மின் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. உறையை யாராவது பிரித்து ஒட்டியிருக்கிறார்களா என்று இரண்டு முறை திருப்பிப் பார்த்தேன். பழக்கதோஷம்.

என்னைச் சகோதரி என்று அழைக்க வேண்டாம். அப்படி அழைக்க எனக்கு ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரைப் பற்றிச் சேதி கொண்டுவந்த எல்லோருக்கும் ஏதோ ஒன்று தேவைப்பட்டது. அவர் பிரான்ஸில் உயிரோடிருக்கிறார் என்று சொல்லி ஒருவன் என் அம்மாவின் காதணியைக் கழற்றிக்கொண்டு போனான். உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் இருவருக்கும் சிரமமில்லை.

என் வீட்டுக்காரர் செலஸ்தி அண்ணனின் படைப்பிரிவில், சில ஆட்களுக்குத் தலைவனான கார்ப்பொரலாக இருந்தவர். அண்ணனோடு அதே குழியில்தான் இருந்தார். ஃபெர்மின் என்று ஒருவரை அவருக்கு ஞாபகமே இல்லை. தாக்குதலில் முன்னால் ஓடிய அண்ணனுக்கு மார்பில் குண்டு பட்டதைக் கண்ணால் பார்த்தவர் அவர். உடலை எடுக்க முடியாமல் பின்வாங்கினார்களாம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போடச் சொன்னார். "செத்தவன வெச்சுப் பொழைக்கிற கூட்டம்" என்றார்.

நான் போடவில்லை. அண்ணனோடு நீங்கள் இருந்தது நிஜமானால் அவரைப் பற்றி எழுதுங்கள், பார்ப்போம்.

எங்ராசியா
(செலஸ்தியின் மனைவி)

*

தஃபால்யா
பிப்ரவரி 2

மதிப்பிற்குரிய எங்ராசியா அம்மாவுக்கு,

நீங்கள் சந்தேகப்படுவதில் தப்பில்லை. எனக்கு ஒன்றும் வேண்டாம். பஸ் செலவுகூட என்னுடையது.

ஜாசிண்ட் இடதுகைக்காரர். நகைச்சுவை சொல்லத் தொடங்கி, முடிப்பதற்குள் தானே சிரித்துவிடுவார். உங்களைப் பற்றிப் பேசாத நாளில்லை. "எந் தங்கச்சி சுடுற ரொட்டி ஒரு பக்கம் கருகித்தான் இருக்கும். கேட்டா அடுப்பு மேல பழி போடுவா" என்பார்.

அவர் போனது தாக்குதலில் அல்ல. அது சண்டை ஓய்ந்திருந்த ஒரு சாயங்காலம். நான் என் பையிலிருந்து புகையிலை எடுத்துக் கொடுத்தேன். எங்களிடம் புகையிலைக்குக் குறைவே இல்லை, சுருட்டத்தான் தாள் கிடைக்காது. அவர் தன்னிடமிருந்த தாளைக் கொடுத்தார். சுருட்டி முடிப்பதற்குள் குண்டு பட்டது. ரொம்ப நேரம் கஷ்டப்படவில்லை, அதை மட்டும் நம்புங்கள்.

அன்புடன்
ஃபெர்மின்

*

பினெல்
பிப்ரவரி 11

ஐயா,

ரொட்டி விஷயத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். வேறு யாருக்கும் அது தெரிய வழியில்லை. நம்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே மேலே படித்தேன். அங்கே மாட்டிக்கொண்டீர்கள்.

எங்கள் குடியரசுப் படையிடம் புகையிலை ஏது? தாள் ஆலைகள் இருந்த அல்கோய் எங்கள் கையில் இருந்தது. புகையிலை வருகிற கனரித் தீவுகள் உங்கள் கையில். எங்கள் ஆட்கள் அருமையான தாளில் காய்ந்த உருளைக்கிழங்கு இலையைச் சுருட்டி இழுத்து இருமிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் சண்டை ஓய்ந்ததும் இரண்டு குழிகளுக்கும் நடுவில் வந்து, தாளைக் கொடுத்துப் புகையிலை வாங்கிக்கொள்வார்கள். இது என் வயதில் இங்கே எல்லோருக்கும் தெரியும். புகையிலை வைத்துக்கொண்டு தாளுக்கு அலைந்தவர் எங்கள் குழியில் இருந்திருக்க முடியாது. நீங்கள் எதிர்க்குழிக்காரர்.

இதை இன்னும் என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். என் அண்ணன் தாளோடு வந்தபோது அவரைச் சுட்டது நீங்களா?

எங்ராசியா

*

தஃபால்யா
பிப்ரவரி 23

அம்மா,

நான் எதிர்க்குழிக்காரன்தான். ரொட்டிக் கதையெல்லாம், சாயங்காலங்களில் தாளோடு நடுவில் வந்தபோது அவர் சொன்னது. அப்படி எழுதியிருந்தால் நீங்கள் பதில் போட்டிருப்பீர்களா?

நான் சுடவில்லை. எங்கள் பக்கத்திலிருந்து யாரும் சுடவில்லை. நாங்கள் இருவரும் நடுவில் எதிரும் புதிருமாக நின்றுகொண்டிருந்தோம். அவர் முதுகு உங்கள் குழியைப் பார்த்து இருந்தது. அங்கிருந்து ஒரு குரல் வந்தது. "ஜாசிண்ட், திரும்பி வாடா. அந்தப் பக்கம் போனா சுட்டுருவேன்." அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், அது விளையாட்டுக் குரல் என்பதுபோல. குண்டு முதுகில் பட்டது.

அது யார் குரல் என்று எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டுக்காரர் மார்பில் பட்டதைப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. வேறொன்றும் சொல்ல எனக்கு உரிமையில்லை.

முதுகில் குண்டு பட்டவனை ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உங்கள் குழிக்காரன் என்று பொய் சொல்லி, இடத்தை மட்டும் காட்டிவிட்டு வந்துவிட நினைத்தேன். அங்கே பாறை, தோண்ட முடியவில்லை. பெரிய பெரிய கற்களாகத் தூக்கி அவர்மேல் அடுக்கினேன். அவர் ஓடவில்லை அம்மா. புகையிலைக்குத்தான் வந்தார்.

ஃபெர்மின் ஒத்தெய்சா

*

பினெல்
மார்ச் 9

திரு. ஃபெர்மின் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மதியச் சாப்பாட்டின்போது வாய்விட்டுப் படித்தேன். அந்தக் குரல் சொன்ன இடம் வந்ததும் செலஸ்தி கரண்டியை வைத்துவிட்டார். நான் நிறுத்தாமல் முழுவதையும் படித்து முடித்தேன். அவர் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "ஓடிப்போறான்னு நெனச்சேன். அவன் ஓடினா என்னையில்ல நிக்கவெச்சுச் சுடுவாங்க" என்றார். அது உண்மைதான். ஆள் ஓடிப்போனால் அவனுடைய கார்ப்பொரலைச் சுடச் சொல்லி உத்தரவு இருந்ததாம்.

போர் முடிந்து அவர் சிறையிலிருந்து வந்து, மார்பில் குண்டு பட்ட கதையைச் சொன்னபோது அம்மா அவர் கைகளைப் பிடித்து முத்தமிட்டார். அண்ணனைக் கடைசியாகப் பார்த்தவர் என்பதற்காகத்தான் அவரைக் கல்யாணம் கட்டிக்கொண்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை. அதை இப்போதுதான் அவரிடம் சொன்னேன்.

உங்களை இன்னும் நான் முழுதாக நம்பவில்லை. இனி யாரையும் நம்புவேனா என்று தெரியவில்லை. அன்று சாப்பாட்டு மேசையில் செலஸ்தியின் முகத்தில் தெரிந்ததைத்தான் நம்பினேன்.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை வாருங்கள். மலையடிவரை மூவரும் போவோம். நான் சாலையிலேயே நின்றுகொள்கிறேன். இடத்தை அவரிடம் காட்டுங்கள். நீங்கள் அடுக்கிய கற்களை ஒவ்வொன்றாக அவரே எடுக்கட்டும். அவருக்கு மூச்சு வாங்கினாலும் நீங்கள் கை கொடுக்க வேண்டாம். எல்லாவற்றையும் எடுத்து முடித்த பிறகு என்னைக் கூப்பிடுங்கள்.

ஜாசிண்டின் தங்கை
எங்ராசியா